ஸ்கோர் புக்கில் ஒரு வட்டம்

2021 மாட்டுப் பொங்கல் அன்றைக்கு, விடியுமுன்னே ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் வண்டிச் சத்தம். எங்கள் கிளப்பில் முன்பு பந்து போட்ட இடக்கைக்காரன் லெஃப்ட்டு வந்துவிட்டான். அந்த வருஷம் பொங்கல் மழையோடுதான் வந்தது. தாமிரபரணியில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட ரெயின்கோட்டைக் கழற்றி வாசல் கம்பியில் போட்டுவிட்டு உள்ளே வந்தவன் முதலில் கேட்டது இதுதான்: “அண்ணாச்சி, நடராஜன் டீம்ல இருக்காரா?”

“இருக்காருடே. தொப்பி குடுத்துட்டாங்க.”

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் காபா கிரிக்கெட் மைதானம். நம் நேரத்துக்கு ஐந்தரைக்கு ஆட்டம். இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய 300-ஆவது ஆள் சின்னப்பம்பட்டி நடராஜன், 301-ஆவது ஆள் வாஷிங்டன் சுந்தர். ஒரே காலையில் இரண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகள். என் மனைவி வேகவைத்த பனங்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். லெஃப்ட்டு ஒரு கிழங்கை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தான். உரித்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அன்றைக்கு மேத்யூ வேடும் சதம் அடித்திருந்த லபுஷேனும் நடராஜன் பந்தில் அடுத்தடுத்துப் போனார்கள். நான் கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். லெஃப்ட்டு மட்டும் சத்தமே காட்டவில்லை. மெதுவாக ஓடவிட்டு மறுபடி காட்டினார்களே, அப்போதுதான் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

“முட்டங்கையைப் பாத்தியளா அண்ணாச்சி? எவ்வளவு சுத்தமா வருது.”

அவன் ஏன் விக்கெட்டை விட்டுவிட்டு முழங்கையைப் பார்த்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் புத்தக பைண்டிங் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிளப்புக்கு ஸ்கோரர். மாவட்ட லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடுகிற சின்ன கிளப். மட்டை பிடித்து நான் பெரிதாக ஒன்றும் ஆடியதில்லை. ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தக் கிளப் ஆடிய ஒவ்வொரு பந்தும் என் கையால் எழுதப்பட்டிருக்கிறது. சீசன் முடிந்ததும் ஸ்கோர் புக்குகளைச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டி, முதுகில் வருஷம் எழுதி அலமாரியில் அடுக்கிவிடுவேன். மழைக்காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். மற்றவர்களுக்கு அது பழைய தாள். எனக்கு அப்படி இல்லை.

ஸ்கோர் எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஓவருக்கு ஒரு கட்டம். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறும் புள்ளியாகவே விழுந்தால் அது மெய்டன். அந்த ஆறு புள்ளியையும் கோட்டால் இணைத்து ஆங்கில எம் போட வேண்டும். அதிலேயே விக்கெட்டும் விழுந்தால் அந்த எம்மைக் கவிழ்த்தது போல இணைப்போம். வைடுக்குக் கூட்டல் குறி. நோபாலுக்கு வட்டம். ஆறு புள்ளி விழுந்து பேனாவால் இணைக்கிற நேரம் இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்தை ஆடுகிறவனுக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

லெஃப்ட்டு எங்களிடம் வந்தது 2010-ல். முக்கூடல் பக்கத்து ஊர். அம்மா பீடி சுற்றுகிறவர். இவனும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுளகை மடியில் வைத்துப் பீடித்தலை மடக்கிக் கொடுப்பானாம். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். ஒரு ராத்திரி டோர்னமென்ட்டில், டியூப் லைட் கட்டி ஆடிய டென்னிஸ் பால் மேட்சில், எங்கள் கேப்டன் அவனைப் பார்த்திருக்கிறார். கேப்டன் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், ஆள் பார்ப்பதில் கெட்டி. மறுநாள் என் பைண்டிங் பிரஸ்சுக்கே வந்து சொன்னார்: “அண்ணாச்சி, ஒரு பையன். கடைசி ஓவர்ல ஆறு பந்தும் கால் விரல்லதான் விழுது. எவனாலயும் தூக்க முடியல.”

டென்னிஸ் பந்தில் அப்படித்தான் போட முடியும், போட்டாக வேண்டும். ஊர்ப்பொட்டலில் பந்தைக் குத்திப் போட்டால் எம்பி நின்று கொடுக்கும், சின்னப்பையன்கூட வேலிக்கு வெளியே அனுப்பிவிடுவான். ஓவருக்குப் பத்துப் பதினைந்து ரன் போகிற ஆட்டம். தப்பிக்க ஒரே வழி மட்டையடியில் இறக்குவது. நடராஜனும் தன் யார்க்கர், அதாவது காலடியில் இறங்குகிற பந்து, டென்னிஸ் பந்தில் வந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார். சேலத்துப் பக்கம் நடந்தது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் பார்த்தால் அது அதே நேரம். தறி ஓட்டுகிற அப்பா, ரோட்டோரம் கோழிக்கறிக் கடை போட்டிருந்த அம்மா, ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சென்னையில் விட, 2010-11-ல் பிஎஸ்என்எல் அணிக்காக நாலாவது டிவிஷனில் ஸ்டிச் பால், அதாவது தையல் போட்ட தோல் பந்து, பிடித்திருக்கிறார். எங்கள் லெஃப்ட்டு ஸ்டிச் பால் பிடித்த அதே சீசன்.

ஸ்டிச் பாலை முதன்முதலில் கையில் வாங்கியதும் அவன் சொன்னது, “கல்லு மாதிரி இருக்கே.” பிரஸ்சுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள். ஸ்டிச் பால் 160 பக்கம். ஏறக்குறைய மூன்று மடங்கு. முதல் வாரம் தோளைத் தூக்க முடியாமல் வந்து நின்றான். தையல் எதற்கு இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தது நான். எனக்குப் பந்து போடத் தெரியாது, தையல் தெரியும். ஆறு வரிசைத் தையல். நடுவில் இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இரண்டிரண்டு. அந்த மேட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அணைத்து வைத்து, கட்டை விரலைக் கீழே முட்டுக் கொடுக்கச் சொன்னேன். பீடி மடக்கிப் பழகிய விரல்கள் சட்டென்று அந்த இடத்தைக் கண்டுகொண்டன.

எங்கள் ஆட்டமெல்லாம் மேட் விரிப்பின் மேல். தேங்காய் நார் மேட். காலை ஆறரைக்கே போய்த் தரையில் தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி, நாலு பேர் அந்தச் சுருளைத் தூக்கிவந்து விரிக்க வேண்டும். ஒரு முனையில் ஆணி அடித்துவிட்டு, மறுமுனையைக் கடப்பாரை கொடுத்து நெம்பி இழுத்துப் பிடித்தால்தான் சுருக்கம் விழாது. சுருக்கத்தில் பந்து பட்டால் முகத்துக்கு வரும். ஆடி மாதத்தில் இதெல்லாம் இன்னும் சிரமம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று மேட்டின் ஓரத்தையே தூக்கிவிடும். பக்கவாட்டில் ஐந்தாறு ஆணி கூடுதலாக அடிப்போம். என் ஸ்கோர் புக் பக்கத்தை இரண்டு கிளிப்பும் ஒரு கூழாங்கல்லும் வைத்துப் பிடித்திருப்பேன்.

அவனுடைய முதல் ஓவர் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. கூட்டல், கூட்டல், நாலு, புள்ளி, கூட்டல், நாலு, புள்ளி, ஒன்று, புள்ளி. கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி அவனிடமே பந்தைக் கொடுத்து, முனையை மட்டும் மாற்றினார். மேற்கு முனை. காற்று முதுகில். அப்படியே பந்து உள்ளே வளைந்தது. எதிரணி ஓப்பனர், அந்த டிவிஷனில் எல்லோரும் பயப்படுகிற ஆள், காலை முன்னே வைத்துக் கட்டை போட்டார். மட்டைக்கும் காலுக்கும் நடுவில் பந்து போய், நடு ஸ்டம்பு மேட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அந்தக் கட்டத்தில் ஐந்து புள்ளியும் ஒரு விக்கெட்டும். அவனுக்காக நான் இணைத்த முதல் கோடு அது.

இரண்டு சீசன் அப்படிப் போனது. ஆட்டம் முடிந்ததும் வண்ணார்பேட்டைப் படித்துறையில் எல்லோரும் இறங்கிக் குளிப்போம். அப்புறம் பரோட்டா, சால்னா, ஆளுக்கொரு பவண்டோ. லெஃப்ட்டு கடைசி பஸ்சைப் பிடிக்க ஓடுவான். பஸ் காசு கேப்டன் பையிலிருந்து போகும். ஷூ ஒன்று பெரிய பையன் ஒருவன் கொடுத்தது, ஒரு நம்பர் பெரிது, முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்வான். மாவட்ட அணித் தேர்வுக்குப் போவான், அங்கிருந்து சென்னை லீக்குக்கு யாராவது கூப்பிடுவார்கள் என்று நாங்கள் நிச்சயமாக நம்பினோம். இன்றைக்கும் அந்த நம்பிக்கை தப்பில்லை என்றுதான் சொல்வேன். என்னிடம் பக்கங்கள் இருக்கின்றன.

மூன்றாவது சீசனில் ஒரு ஞாயிறு. அவனுடைய நாலாவது ஓவர். வேகம் கூட்டிப் போட ஆரம்பித்திருந்தான். ஸ்கொயர் லெக்கில் நின்ற அம்பயர் கையை நீட்டி நோபால் என்றார். நான் வட்டம் போட்டேன். அடுத்த பந்துக்கும் கை நீண்டது. மூன்றாவதுக்கும். எதிரணிக் கூடாரத்திலிருந்து “மாங்கா, மாங்கா” என்று பையன்கள் கத்தினார்கள். மாங்காய் அடிக்கிற மாதிரி எறிகிறான் என்று அர்த்தம். கேப்டன் பந்தை வாங்கிக்கொண்டார்.

லெஃப்ட்டு என் மேஜைக்கு வந்து, தோளுக்கு மேலாகப் புக்கைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, கால் தாண்டலையே. எதுக்கு வட்டம்?”

“காலுக்கு இல்லடே. கைக்கு.”

அந்தப் பக்கத்தை நான் பைண்ட் செய்யும்போது என் கை ஒரு நிமிஷம் நின்றது. அம்பயர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் பார்த்ததைச் சொன்னார், நான் அவர் சொன்னதை எழுதினேன். என் வருத்தம் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றித்தான். என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பந்து விடும்போது முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்பது ஐசிசி விதி. அந்த 15-ஐ எங்கள் ஊர்ப்பொட்டலில் எதை வைத்து அளப்பது? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தோளைத் திற என்றார் ஒருவர், ஓட்டத்தைக் குறை என்றார் இன்னொருவர். கடைசியில் நான் ஒரு காரியம் செய்தேன். பைண்டிங்குக்கு வைத்திருந்த கெட்டி அட்டையை நீளமாக வெட்டி, அவன் இடது முழங்கைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வைத்து, காலிகோ துணியால் இறுக்கிச் சுற்றினேன். கை மடங்காது அல்லவா? அதோடு பிரஸ் பின்சுவரில் போட்டுப் பழகினான். ஒரு மாதம். சாயங்காலம் அட்டையை அவிழ்க்கும்போது தோலில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும். கை நேரானது, வேகம் போய்விட்டது. தோள்பட்டையில் வலி பிடித்துக்கொண்டது. அட்டை இல்லாமல் போட்டால் பழைய கை திரும்பிவந்தது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அவன் தோளுக்கு அது கெடுதல் செய்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவனிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷத்தோடு அவன் லீக் ஆடுவதை விட்டான். லாரிக்குப் போய்விட்டான்.

நடராஜனுக்கும் இதே நடந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். சென்னையில் நாலாவது டிவிஷனிலிருந்து விஜய் சிசி, ஜாலி ரோவர்ஸ் என்று முதல் டிவிஷனுக்கு ஏறி, 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராக ரஞ்சி ஆட இறங்குகிறார். முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு சந்தேகத்துக்குரியது என்று எழுதிவிட்டார்கள். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை. ஒரு வருஷத்துக்கும் மேல் பெரிய ஆட்டம் இல்லை. சுனில் சுப்பிரமணியம் போன்ற முன்னாள் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் கூடவே நின்று அந்தக் கையைத் திருத்தினார்கள். ஜெயப்பிரகாஷ் விட்டுவிடவில்லை. அப்புறம் 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், டிஎன்பிஎல்லில், திண்டுக்கல் அணிக்கு ஆடுகிறார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுக்கிறது.

அந்த 2016-ல் டிஎன்பிஎல் நம் சங்கர் நகர் மைதானத்துக்கும் வந்தது. தாழையூத்து சிமென்ட் ஆலைக் குடியிருப்புக்குள் இருக்கிற, புல் விக்கெட் போட்ட பச்சை மைதானம். மேட் விரித்துப் பழகிய எங்களுக்கு அதைப் பார்ப்பதே திருவிழா. லெஃப்ட்டையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் விளக்குக் கம்பத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், அப்புறம் பவுலர்கள் ஓடிவருகிற தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “இங்க காத்து எந்தப் பக்கம் அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டான்.

ஐபிஎல் ஏலத்துக்கு அப்புறம் நடராஜனைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதின. தறி, கோழிக்கடை, 3 கோடி. 2020-ல் டிவில்லியர்ஸ் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கருக்கு அப்புறம் இன்னும் எழுதின. பயிற்சியில் பந்து போட்டுக்கொடுக்கிற வலைப்பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானதும் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் நான் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். லெஃப்ட்டு வரும்போதெல்லாம் எடுத்து வாசிப்பான். ஒரு தடவை கேட்டான்:

“அந்த ஒரு வருசம் என்ன செஞ்சாருன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா அண்ணாச்சி? காலையில எந்திரிச்சு எத்தனை பந்து போட்டாரு, யாரு கையைப் பாத்தா, சாப்பாட்டுக்கு என்ன செஞ்சாரு?”

போட்டிருந்தது ஒரே வரி. கை சந்தேகத்துக்குள்ளானது, திருத்திக்கொண்டு திரும்பி வந்தார் என்று. அந்த ஒரு வரியை அவன் விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

எனக்கு நடராஜன் மேல் மரியாதை அந்த வரியில்தான். ஏழ்மையைத் தாண்டினார் என்பது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் வறுமையைத் தாண்டிய பையன்கள் எங்கள் கிளப்பிலேயே இருந்தார்கள். லெஃப்ட்டு தாண்டித்தான் வந்தான். ஒரு நாள் திடீரென்று உன் கையே தப்பு என்று சொல்கிறார்கள். உனக்குத் தெரிந்த ஒரே வித்தையை ஒன்றிலிருந்து மறுபடி கற்க வேண்டும். அப்படிக் கற்கும்போது பழையதைவிட மோசமாகப் போடுவாய். அந்த மோசமான மாதங்களில் யாரோ ஒருவர் உன் பக்கத்தில் நின்று, இது தற்காலிகம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். நாங்களும் பக்கத்தில் நின்றோம். எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஐபிஎல்லில் தன் சட்டையின் முதுகில் ‘ஜே.பி. நட்டு’ என்று ஜெயப்பிரகாஷ் பெயரையும் சேர்த்துப் போட்டு ஆடினார் அல்லவா, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் சொந்த முயற்சியில் கட்டிய மைதானத்துக்குத் திறப்பு விழா. தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அதற்கு அப்புறம் வாழைத்தார் லோடு இறக்கச் சேலம் போன லெஃப்ட்டு, லோடு இறக்கிவிட்டு அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். யாரிடமும் பேசவில்லையாம். வேலிக்கு வெளியே நின்று பையன்கள் பந்து போடுவதை ஒரு மணி நேரம் பார்த்தானாம். திரும்பி வந்தவன் பிரஸ்சில் உட்கார்ந்து, “ஞாயித்துக்கிழமை லோடு இல்லைன்னா நானும் கிரவுண்டுக்கு வாரேன் அண்ணாச்சி” என்றான்.

வந்துகொண்டும் இருக்கிறான். பந்து போட மாட்டான், தோள் தாங்காது. அவன் வேலையே வேறு. மேட் விரித்து ஆணி அடித்ததும், சின்னப்பையன்கள் பந்து போடும்போது ஸ்கொயர் லெக் பக்கம் போய்க் குத்தவைத்து, போனை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக ஓடுகிற வீடியோ எடுக்கிறான். ஓவர் முடிந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறான். கை தோள் உயரத்துக்கு வருகிற இடத்தில் ஒரு தடவை நிறுத்துவான். பந்து விரலை விட்டுப் போகிற இடத்தில் இன்னொரு தடவை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழங்கை நிமிர்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இதை எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, ராத்திரி லாரி ஓய்வில் போனில் பார்த்துப் பார்த்துப் படித்தேன் என்றான்.

போன ஆடியில் ஒரு பையன். ஏழாம் வகுப்பு, களக்காட்டுப் பக்கம், அவனும் இடக்கை. ஷூ பெரிது. மேற்கு முனையிலிருந்து ஓடிவந்தான், காற்று சட்டையை முன்னால் தள்ளியது. நாலு புள்ளி போட்டிருந்தேன். ஐந்தாவது பந்து முடிந்ததும் லெஃப்ட்டு குத்தவைத்த இடத்திலிருந்தே திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். கை சுத்தம் என்று அர்த்தம். கூழாங்கல்லை நகர்த்தி வைத்துவிட்டு ஐந்தாவது புள்ளியை வைத்தேன். பையன் பந்தைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே தன் அடையாளக் கல்லை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.